சுவிசேட கவிராயர் வேதநாயக சாஸ்திரியார்

நம் சங்கத்து வெளியீட்டில் இதுகாறும் சைவப் பெரியார், வைணவப் பெரியார் பலருடைய சரிதங்கள் வந்துள. நம் குலத்திற் பிறந்து கிறிஸ்து மார்க்கத்தை மேற்கொண்ட புலவர்களைப் பற்றி எழுதுதல் அருகியே காணப்படுகிறது. அவர்களும் நம்மவரே, அவர்கள் பாடிய தமிழும் நம் தமிழே. ஆதலின் இம்மாதம் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாருடைய சரிதத்தைச் சுருக்கி வரையப் புகுந்தோம்.

பெயரொற்றுமை பற்றி ஒரு மயக்கம் நிகழ்தல் கூடும். அதனை முதற்கண் நீக்குவோம். மாயூரத்தில் முன்சீபாயிருந்து பிரதாப முதலியார் சரித்திரம் இயற்றிய வேதநாயகம் பிள்ளை வேறு. நாம் கூறவந்த சாஸ்திரியார் வேறு. முன்னவர் 1826-இற் பிறந்து 1889-இல் மறைந்த கத்தோலிக்கர். பின்னவர் அவருக்கு அரை நூற்றாண்டு முந்தியவர். புராட்டஸ்டாண்டு சபையைச் சேர்ந்தவர். இருவரும் வேளாளர், இருவரும் கீர்த்தனை பாடியவர் என்பதனால் ஒருவர் பாட்டை மற்றவர் பாட்டாகச் சொல்லுவாரை நாம் கண்டிருக்கிறோம்.

சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7-ஆந் தேதி திருநெல்வேலியில் தோன்றினார். தந்தையார் அருணாசலம் பிள்ளை. அவர் சைவ வேளாளர் குடியிற் பிறந்து, தமிழிலக்கியப் பயிற்சி வாய்ந்தவராய் இருந்து, முதலிற் கத்தோலிக்க சமயத்தைத் தழுவித் தேவசகாயம் என்னும் பெயர் பெற்றுப் பின்னர்ப் புராட்டஸ்டாண்டு சபையிற் கலந்தவர். தாயார் ஞானப்பூ அம்மாள். அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையில் புராட்டஸ்டாண்டுக் கிறிஸ்தவர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவினரே. 1780-இல் பாளையங்கோட்டைச் சபையார் பெயர்களை எழுதியபோது நாற்பது பேரே இருந்தனர். அச்சபைக்கு ஆதாரமாக நின்றவர் கிளாரிந்தா என்னும் பிராமண விதவை அம்மையார். அவ்வம்மையார் முயற்சியால் எழுந்த சிறு கோயிலை 1785-இல் பிரதிட்டை செய்தற்குத் தஞ்சையிலிருந்து சுவார்ட்ஸ் ஐயர் வந்தார். அவ்வரவே நம் புலவர் வாழ்வைத் திருப்பியது.

கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்பவர் ஜெர்மனி தேசத்தார். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். திரும்பித் தம் நாடு செல்லாமலே இந்நாட்டில் 48 ஆண்டு வாழ்ந்து 1798-இல் தஞ்சையிற் காலஞ்சென்றவர். மணம் புரியாதவர். ஆயினும் பிள்ளைகளை வளர்ப்பதிற் பெருவிருப்பம் உடையவர். தேவசகாயத்தின் மைந்தனுடைய கூர்த்த அறிவைக் கண்டு, அப்பிள்ளையைத் தம்முடன் அனுப்புமாறு வேண்டினார். பன்னிரண்டு பிராயத்தை எட்டிக்கொண்டிருந்த ஒரே ஆண்மகனை, நாட்கணக்கில் வழிநடக்கவேண்டிய தூரத்துக்கு, வேற்றுத் தேசத்தார் ஒருவரோடு அனுப்பிவைத்தல் எளிய காரியமன்று. இக்காலத்தில் பிள்ளையைப் பட்டணத்துக் கல்லூரிக்கு அனுப்பும்போதே நம் தாய்மார் படும் துயரத்தை நாம் அறிவோம். அக்காலத்தில் அஃது எத்தன்மைத்தாயிருந்திருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப்பார்க்கலாம்.

தஞ்சையில் சுவார்ட்ஸ் ஐயரிடத்தும், பின்னர்த் தரங்கம்பாடியில் அங்கிருந்த ஜெர்மானியப் போதகர்களிடத்தும் சிறுவர் கல்வி பயின்றார். வேதசாஸ்திரத்தோடு கணிதம், வானசாஸ்திரம், பூகோளம் என்பனவும் அங்குக் கற்பிக்கப்பட்டன. அப்போதகர்களிற் சிலர் செடி கொடிகளையும் கடற்பிராணிகளையும் ஆராய்ந்து ஐரோப்பாவுக்கு எழுதியனுப்பும் வழக்கமுடையவர்கள். இத்தகையோரிடம் கற்றதனால் இவருக்குப் புதுச் சாஸ்திரங்களில் இளமையிலேயே பற்று உண்டாயிற்று. 1794-இல், இன்னும் இருபது வயது நிரம்பாமுன்னே, தஞ்சை மிஷன் பாடசாலைக்குத் தலைமையாசிரியராக நியமனம் பெற்றார்.

சுவார்ட்ஸ் ஐயருடைய ஆதரவிலே அக்காலத்துத் தஞ்சையில் வேறொரு பிள்ளையும் இருந்தது. அப்பிள்ளை 1787-இல் துளஜா மகாராஜாவால் சுவீகாரம் எடுக்கப்பட்ட சரபோஜி. சிறிய தந்தையாராகிய அமர்சிங்கால் உரிமை மறுக்கப்பட்டு இடருற்றிருந்த அந்த இளவரசருக்குக் காவலாக நின்றவர் சுவார்ட்ஸ் ஐயரே. சரபோஜி 1798-இல் அரியணை ஏறினார். தம் ஆசிரியர் நினைவாக இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் என்பவரைக்கொண்டு சலவைக்கல்லிற் சிலைத்தொகுதி ஒன்று செய்வித்துத் தஞ்சைக் கோட்டைக்குள் உள்ள கிறிஸ்தவ ஆலயத்தில் வைத்தார். ஓராசிரியரிடம் பயின்ற இருவருள் ஒருவர் சிவபக்தராகிய மன்னர். மற்றவர் கிறிஸ்து பக்தராகிய புலவர். இவ்விருவருக்கும் இடையே இருந்த அன்பு பின்னர்ப் பெரிதும் பயன்பட்டது. அதனைப் பிறகு கூறுவோம்.

இனி, இவர் பாடியது எதற்காக என்பதைக் கிறிஸ்தவரல்லாத நம் அன்பர்கள் பொருட்டுச் சிறிது விளக்கவேண்டும். கிறிஸ்து மார்க்கத்தில் ஆடு மாடுகளைப் பலியிடுதல் இல்லை; ஓமாக்கினியும் இல்லை. கிறிஸ்துநாதர் சிலுவையில் தம்மையே ஒப்புக்கொடுத்ததோடு இரத்தபலிகள் யாவும் நிறைவெய்தின என்பது அவர்கள் கொள்கை. அங்ஙனமாயின் பக்தன் இறைவனுக்குப் படைத்தற்கு யாதொன்றும் இல்லையோ எனின், உண்டு. உதடுகளிலிருந்து எழும் துதி ஒரு பலி. பிறர்க்குச் செய்யும் உபகாரமும் பகிர்ந்தளித்தலும் ஒரு பலி. தன் உடலையும் உழைப்பையும் இறைவனுக்கென்றே ஆக்குதல் ஒரு பலி. இவற்றை ஆவிக்கேற்ற பலிகள் என்று அவர்கள் வேதம் பெயரிட்டுக் கூறும். குருக்களாவார் மாத்திரம் அன்றி விசுவாசிகள் அனைவருமே இப்பலியைச் செலுத்துதற்கு உரியர் என்பதும் அக்கொள்கையின் ஓர் உறுப்பு. பூமாலையினும் பாமாலை இறைவனுக்கு உவப்பென்று நம் பெரியோர் கொண்டதை நினைப்பார்க்கு இஃது அயலான கருத்தாகத் தோன்றாது.

சாஸ்திரியார் தம் வாழ்நாள் முழுவதையும் இந்த ஸ்தோத்திரபலிக்கே செலவிட்டார் என்னலாம். ஆனால் அவர் பாடத்தொடங்கிய காலத்தில் தமிழ்நாட்டுப் புராட்டஸ்டாண்டு ஆலயங்களில் பாடப்பட்டவை பெரும்பாலும் ஞானப்பாட்டுகள் எனப்படுவன. அவை ஜெர்மானியப் பாடல்களின் மொழிபெயர்ப்பு. பப்ரீசியுஸ் ஐயர் முதலியோர் அரிதின் முயன்று தமிழாக்கியவை. பொருள் தூயது, பக்தி ஆழ்ந்தது. எனினும் மெட்டு ஜெர்மனி தேசத்து மெட்டு. அசையும் சீரும் அம்மெட்டுக்கு ஏற்ப நறுக்கப்பட்டன. இராகமும் தாளமும் அறிந்து, கூத்தும் கதையும் கேட்டு வளர்ந்த தமிழனுக்கு அவை கற்றுப் பாடத்தக்க பாட்டாயினவேயன்றித் தானாக வாயில் ஊறும் பாட்டாகவில்லை. நாம் அவற்றை இகழ்ந்து கூறவில்லை. இன்றும் அவற்றைக் கண்ணீரோடு பாடுவார் உளர்.

தஞ்சையோ அக்காலத்தில் இசையே வடிவான ஊர். சியாமா சாஸ்திரிகள், தியாகராஜ சுவாமிகள், முத்துசாமி தீட்சிதர் மூவரும் நம் சாஸ்திரியாரின் சமகாலத்தவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பிலே தமிழ்க் கீர்த்தனையைச் சிறப்பித்த முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, இராமநாடகம் பாடிய அருணாசலக் கவிராயர் ஆகியோர் பாட்டுக்கள் சோழநாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தன. இவ்வொலிகளின் நடுவே வாழ்ந்த ஒருவர் தம் கடவுளைப் பாடக் கருதினால் வேறு எம்மெட்டிற் பாடுவார்? சாஸ்திரியார் கீர்த்தனை பாடினார், கும்மி பாடினார், மாலை பாடினார், உலாவும் அந்தாதியும் நாடகமும் பாடினார். நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரால் வழங்குவதாகக் கூறுவர். பராபரன் மாலை படைப்புக் கர்த்தாவைத் துதிப்பது. செபமாலை தமிழ்க் கிறிஸ்தவர் இல்லங்களில் நெடுங்காலமாகப் பயிலப்பட்டு வருவது. ஞானத்தச்ச நாடகம் நோவா பேழை செய்த கதையைக் கூறுவது. ஞான நொண்டி நாடகம், தீநெறியிற் சென்று கால் இழந்தவன் தன் கதையைத் தானே சொல்லும் பழைய நொண்டி நாடகப் போக்கில் பாவியின் மனந்திரும்புதலை அமைத்தது. கிறிஸ்தவராயினார் இடையிலும் மற்றையோர் இடையிலும் நிலவிய மூடவழக்கங்களைக் கண்டித்துச் சாஸ்திரக்கும்மி பாடினார்.

இவையனைத்தினும் தலைசிறந்தது பெத்லகேம் குறவஞ்சி. 1800-ஐ ஒட்டி இயற்றப்பட்டுப் பின்னும் ஆசிரியராலே விரிக்கப்பட்டது. குறவஞ்சியின் போக்கு நம்மவர்க்குத் தெரிந்ததே. பாட்டுடைத் தலைவன் உலா வருவான். பந்தாடும் தலைவி கண்டு காதல் கொள்வாள். திங்களையும் தென்றலையும் பழிப்பாள். குறத்தி வந்து தன் மலைவளம் கூறிக் கைபார்த்துக் குறி சொல்லுவாள். குறவன் பறவை பிடித்து, காணாமற்போன குறத்தியைத் தேடி அடைவான். நம் புலவர் பிறந்த திருநெல்வேலிச் சீமையிலேதான் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி தோன்றியது. அந்த அச்சு சிறிதும் குலையாமல் உள்ளீட்டை முழுவதும் வேறாக்கினார் சாஸ்திரியார். தலைவர் பெத்லகேமிற் பிறந்த நாதர். தலைவி தேவமோகினி, அவளே திருச்சபை. குறத்தி விசுவாசம். பறவை பிடிக்கும் குறவர் சுவிசேடத்தைப் பரப்பும் போதகர்; வலையில் விழும் பறவைகள் மனிதர் ஆன்மாக்கள். குறத்தி தான் கண்ட நாடும் மலையும் கூறும் இடத்தில் பூகோள சாஸ்திரம் முழுவதும் வந்துவிடுகிறது. வானத்தைப் பற்றிய பகுதியில், சூரியனை நடுவிற்கொண்டு பூமி முதலிய கிரகங்கள் சுழல்கின்றன என்னும் புதிய கணிதம் பாட்டாகிறது. தமிழ்ச் செய்யுளில் இக்கொள்கை புகுந்த இடங்களுள் இது மிக முற்பட்டது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். படைப்பின் ஒழுங்கை அறிதலும் படைத்தவனைத் துதித்தலும் இவருக்கு ஒன்றாகவே இருந்தன. பாடசாலையில் காலையிற் கற்பித்தது மாலையிற் கீர்த்தனையாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

சாஸ்திரியார் தம் நூல்களை எழுதிவைத்ததோடு அமையவில்லை. தாமே சபைகளில் நின்று, பின்பாட்டும் தாளமும் கூட, பாடிப் பொருள் விரித்துக் கதாப்பிரசங்கம் செய்தார். தஞ்சை, தரங்கம்பாடி, சென்னை வேப்பேரி முதலிய இடங்களில் சபையார் கூடிக் கேட்டனர். சுவிசேட கவிராயர் என்னும் பட்டத்தைச் சபையார் அளித்தனர். எழுத்தறியாத பெண்டிரும் பிள்ளைகளும் வேத வரலாறு முழுவதையும் அறிந்துகொண்டது அச்சுப் புத்தகத்தினால் அன்று. இத்தகைய பாட்டுக்களினாலே என்பது எம் துணிபு.

மன்னரோடு தொடர்புற்ற ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகிறது. பெத்லகேம் குறவஞ்சியின் சுவையைக் கேட்டு மகிழ்ந்த சரபோஜி, அதுபோலவே பிரகதீசுவரர் மீதும் ஒரு குறவஞ்சி பாடவேண்டுமென்று விரும்பினாராம். சாஸ்திரியார் தம் நாவைக் கிறிஸ்துவுக்கே ஒப்புவித்திருத்தலைச் சொல்லிப் பணிவுடன் மறுத்தாராம். மன்னர் சினந்தாரல்லர். கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் நெடுங்காலம் ஆடப்பட்டு வந்ததை யாவரும் அறிவர். செவிவழிச் செய்தியை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் எமக்கு வழக்கமன்று. எனினும் திருவையாற்றில் தியாகராஜ சுவாமிகள் அரசவைப் பொருளை வேண்டாமென்றதாகச் சொல்லும் செய்தியோடு இதனை ஒருங்கு வைத்துப் பார்க்க, அக்காலத்துச் சோழநாட்டில் பக்திப் பாட்டுக்கு இருந்த மானம் விளங்கும். அம்மானத்தை மதித்த மன்னரும் பாராட்டற்குரியவரே.

இதுவரை கூறியவற்றை எழுத எமக்கு மகிழ்ச்சியே. இனிக் கூறவேண்டியது மகிழ்ச்சி தருவதன்று. நம் சங்கத்து அன்பர் ஒருவர் இப்பகுதியை விட்டுவிடலாம் என்று எமக்கு யோசனை கூறினார். குலப் பெருமைக்கென நடக்கும் வெளியீட்டில் குலத்தின் குறையை எழுதுவானேன் என்பது அவர் கருத்து. அதனை நாம் ஏற்கவில்லை. பாதிச் சரிதம் சரிதமாகாது.

சுவார்ட்ஸ் ஐயர் காலத்தில் தஞ்சைக் கிறிஸ்தவ ஆலயத்தில் வேளாளர் ஒருபுறமும் ஆதிதிராவிடர் மற்றொருபுறமுமாக அமர்வர். இராப்போசனம் என்னும் திருவிருந்தில் ஒரே பாத்திரத்திற் பருகுங்கால் வேளாளர் முன்னும் மற்றவர் பின்னும் செல்வர். பழைய ஜெர்மானியப் போதகர்கள் இதனை விரும்பாவிடினும், நாட்செல்லத் தானே நீங்கும் என்று பொறுத்திருந்தனர். 1826-ஐ ஒட்டித் தஞ்சை மிஷன் ஆங்கில நற்செய்திச் சங்கத்தார் வசமாயிற்று. அதன்பின் ஹௌப்ரோ முதலிய புதிய போதகர்கள் பழைய பொறுமையைக் கைவிட்டனர். சாதி வேற்றுமை சபைக்குள் கூடாதென்றனர். அதனோடு நில்லாமல், பழகிய வேதமொழிபெயர்ப்பை மாற்றத் துணிந்தனர். பண்டிகையிலும் கலியாணத்திலும் பூக்களை விலக்கினர். தமிழ் இசைப் பாட்டுக்கள் ஆலய வழிபாட்டுக்கு ஆகாவென்று தள்ளினர்.

சாஸ்திரியார் கொதித்தெழுந்தார். இந்நான்கினையும் நான்கு கொடுமைகள் என்று எண்ணிட்டுக் கண்டித்தார். 1829-ஐ ஒட்டிச் சாதியைப் பற்றிய விவாத நூல்களும் எழுதினார். சாதி என்பது சமயத்தைச் சார்ந்ததன்று, உலகவழக்கே. ஐரோப்பாவிலும் பிரபுக்களும் ஏவலாளரும் ஒருங்கிருந்து உண்பதில்லையே. அங்கு உள்ள வேற்றுமையை விட்டு இங்குள்ள வேற்றுமையை மாத்திரம் பாவமென்பானேன் என்பது தஞ்சை வேளாளக் கிறிஸ்தவர்களின் வாதம்.

இவ்வழக்கிலே நம் தீர்ப்பு யாதென்று வாசகர்கள் கேட்கலாம். நால்வகையையும் ஒருசேர நோக்குதல் தவறு. தமிழ் இசையைத் தள்ளியது போதகர்களின் பிழை, ஐயமில்லை. பக்தனுடைய நாவிலிருந்து இயல்பாக எழும் துதியை அயல்நாட்டு மெட்டில்லை என்பதற்காக ஆலய வாயிலில் நிறுத்துதல், பலியைக் கொண்டுவந்தவனைத் திருப்பியனுப்புதல் போலும். பூவை விலக்கியதும் சிறுமையே. வேத மொழிபெயர்ப்பைப் பற்றி இருபுறமும் நியாயம் உண்டு. பழகிய சொல்லில் ஒட்டிய பக்தியை எளிதிற் பெயர்க்க முடியாது. ஆயினும் மொழிபெயர்ப்பு எதுவும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டதன்று. நான்காவதாகிய சாதி விஷயத்திலோ, நம் முன்னோராகிய சாஸ்திரியாரே பிழைபட்டார் என்று கூறுதற்கு நாம் தயங்கவில்லை. விசுவாசிகள் அனைவரும் பலி செலுத்துதற்கு உரிய குருக்களே என்று ஓதும் மார்க்கத்தில், அப்பலிபீடத்தின் முன்னே வரிசை குறித்தல் எவ்வாறு பொருந்தும்? ஐரோப்பாவிலும் வேற்றுமை உண்டு என்பது அவ்வேற்றுமைக்கு எதிரான வாதமாகுமேயன்றி நம் வேற்றுமைக்கு அரணாகாது. அன்றியும், அவ்விவாதங்களில் வேளாளர் குரல் கேட்கிறது. ஐரோப்பியர் குரல் கேட்கிறது. ஆலயத்தின் மறுபுறம் அமர்ந்திருந்த ஆதிதிராவிட மக்கள் என்ன எண்ணினர் என்பதை எழுதிவைத்தார் அரியர். அவர்களும் அதே கீர்த்தனைகளைக் கேட்டவர்களே.

போதகர்கள் செய்த பெரும்பிழை, நல்ல காரியம் ஒன்றையும் வேண்டாத காரியம் பலவற்றையும் ஒரே கட்டாகக் கட்டியது. சாஸ்திரியார் செய்த பிழை, அக்கட்டை அவிழ்த்துப் பாராமல் முழுவதையும் எறிந்தது. இசைக்கும் பூவுக்கும் போராடிய அதே வேகத்தில் சாதிக்கும் போராடினார். விளைவு, 1829-இல் முப்பத்தைந்து ஆண்டு உழைத்த மிஷன் வேலை அவர் கையைவிட்டுப் போயிற்று. ஐம்பத்தைந்து பிராயத்தில், குடும்பத்தோடு, வருவாய் அற்றார்.

அப்பொழுது கைகொடுத்தவர் இளமைக்கால நண்பராகிய சரபோஜி மன்னரே. தம் அரண்மனைப் புலவருள் ஒருவராக அவரை ஏற்று ஆதரித்தார். தன் இஷ்டதெய்வத்தைப் பாடமாட்டேனென்று மறுத்ததாகச் சொல்லப்படும் ஒருவருக்குச் சிவபக்தராகிய மன்னர் சம்பளம் அளித்தார். கிறிஸ்தவ மிஷன் நீக்கிய கிறிஸ்தவக் கவிஞரை இந்து மன்னர் காத்தார் என்னும் இச்செய்தி, எந்தச் சமயத்தாரும் தம்மைத்தாமே மிகப் புகழ்ந்துகொள்ளாதிருக்கும் பொருட்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

அந்நிழலும் நெடிது நிற்கவில்லை. 1832-இல் சரபோஜி காலமானார். அடுத்த ஆண்டில் கல்கத்தாவிலிருந்து பிஷப் வில்சன், சாதி வேற்றுமையைச் சபையிலிருந்து உடனே முற்றும் நீக்கவேண்டுமென்று சுற்றறிக்கை விடுத்தார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் நூற்றுக்கணக்கானோர் சபையை விட்டு விலகி நின்றனர். அக்கலகத்தின் வரலாறு தனியே எழுதத்தக்கது. இங்கு விரிப்பிற் பெருகும்.

மன்னருக்குப் பின் சாஸ்திரியார் முப்பது ஆண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்தார். இக்காலப்பகுதியைச் சிலர் வீழ்ச்சி என்று எழுதுவர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. உத்தியோகம் இல்லை, ஆலய மேடை இல்லை, அரசர் கொடையும் இல்லை. பாட்டு ஒன்றே எஞ்சியது. அதனையே தொழிலாகவும் தவமாகவும் கொண்டார். ஊரூராகச் சென்று, அழைத்தவர் இல்லத்திலும் பந்தரிலும் பாடினார். மக்களுக்கும் பாட்டைக் கற்பித்தார். ஏட்டிலும் காகிதத்திலும் பிரதி செய்து அன்பர்கள் கொண்டுசென்றனர். செழிப்புள்ள நாளில் துதித்தல் எல்லார்க்கும் கூடும். இழந்த நாளிலும் துதிப்பதனாலன்றோ அது பலி என்னும் பெயர் பெறுகிறது. ஒன்று விலை கொடாமற் படைக்கப்படுமாயின் அதனைப் பலி என்பார் யார்? அவருடைய பிணக்கைக் குறைகூறிய நாம் இவ்வுறுதியை வணங்காமல் இருக்க முடியவில்லை.

முதுமையில் அவர் கண்ட ஒரு மாற்றம் உண்டு. மதுரைப் பக்கத்தில் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் என்பவர் இருந்தார். ஆங்கில மெட்டுப் பாட்டுக்களைக் கிராமத்து மக்கள் பாட மாட்டாமல் இடர்ப்படுவதையும், தமிழ்க் கீர்த்தனை தொடங்கியவுடன் அவர்கள் முகம் மலர்வதையும் அவர் கண்டார். நாட்டு இசையே வழிபாட்டுக்கு உகந்ததென்று துணிந்து, தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் திரட்டி 1853-இல் அச்சிட்டார். அத்திரட்டில் சாஸ்திரியார் பாட்டுக்கள் சிறப்பிடம் பெற்றன. எந்த இசையை 1829-ஐ ஒட்டி வேற்றுநாட்டுப் போதகர் தள்ளினரோ, அதே இசையைக் கால்நூற்றாண்டுக்குள் வேறொரு வேற்றுநாட்டுப் போதகர் எடுத்துக்கொண்டார். சாஸ்திரியாருக்கு அப்போது எழுபத்தொன்பது பிராயம்.

மற்றொன்றும் நிகழ்ந்தது. அச்சேறிய அப்பாட்டுக்கள் திருநெல்வேலியிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பரவியபோது, அவை பாடுவாருடைய குலத்தைக் கேட்கவில்லை. பனையேறும் தொழிலாளரும், வயலில் நாற்று நடுவாரும், தஞ்சை ஆலயத்தில் மறுபுறம் அமர்ந்திருந்தோரின் மக்களும் அவற்றைத் தம்முடையனவாக்கிக் கொண்டனர். கவிஞர் வகுத்த வரிசையைக் கவிதை மதிக்கவில்லை. நம்மவருட் சிலர்க்கு இதனைப் படிக்கும்போது மனம் கூசலாம். எமக்கோ இச்சரிதம் முழுவதிலும் இவ்விடமே மிகவும் இனிக்கிறது.

தஞ்சை இராச்சியம் 1855-இல் சிவாஜி மகாராஜாவோடு முடிவெய்திக் கும்பினியார் வசமாயிற்று. தம் ஆசிரியர், தம் மன்னர், தம் காலத்துச் சங்கீத மேதைகள் எல்லாரும் மறைந்தபின்னும் சாஸ்திரியார் இருந்தார். 1864-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 24-ஆந் தேதி, தொண்ணூறாம் பிராயம் நடந்துகொண்டிருக்கையில், தஞ்சையில் இறைவனடி சேர்ந்தார். மைந்தர் நோவா ஞானாதிக்கம் சாஸ்திரியார் தந்தையின் சரிதத்தை எழுதிவைத்தார். கதாப்பிரசங்கத் தொழிலும் அக்குடும்பத்திற் பல தலைமுறை தொடர்ந்தது. தென்னாட்டுத் திருச்சபையார் வழங்கும் பாட்டுப் புத்தகங்களில் ஜெர்மானிய, ஆங்கில மெட்டுப் பாடல்கள் பாமாலை என்றும், தமிழ் இராகப் பாடல்கள் கீர்த்தனை என்றும் பெயர் பெற்று, இரண்டும் ஒரே அட்டைக்குள் கட்டப்பட்டு வருகின்றன. ஞாயிறுதோறும் முதலில் ஒன்றும் பின்னர் மற்றொன்றுமாகப் பாடுகிறார்கள்.